தோண்டாத மூலை

எந்தக் குழியையும் அவர் மூடுவதிலிருந்துதான் ஆரம்பிப்பார். சரளை நிறுவனத்தில் குழிகளுக்குத் திட்டம் போடுவது அவர் வேலை. புது நிலம் கைக்கு வந்ததும் மற்றவர்கள் எங்கே முதலில் தோண்டலாம் என்று குதிப்பார்கள். இவர் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, தோண்டலெல்லாம் ஓய்ந்து லாரிகள் போன பிறகு அந்த இடம் எப்படிக் கிடக்க வேண்டும் என்று வரைவார். எங்கே வயல், எங்கே குட்டை, எந்தச் சரிவில் ஓர் ஆள் கைவீசி இறங்கலாம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எல்லாம் அதில் இருக்கும். பிறகு அதற்கு முந்தைய நிலை, அதற்கும் முந்தைய நிலை என்று பின்னால் நடந்து வருவார். தோண்டத் தொடங்கும் நாள் கடைசித் தாளில்தான் வரும். அலுவலகத்தில் அவருக்கு மூடுவிழா என்று பேர் வைத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று அவர் விசாரிக்கவில்லை. பேர் பொருத்தமாக இருப்பதாகவே அவருக்குப் பட்டது.

இந்தப் புத்தி வீட்டிலும் உண்டு. இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவந்த அன்று, என்றைக்காவது காலி செய்யும்போது அலமாரி எந்த வாசல் வழியாக வெளியே போகும் என்று அளந்து பார்த்தார். தள்ளி உள்ளே நுழைத்துவிடலாம், ஆனால் உள்ளே நின்று தள்ள இடமில்லாததால் மூலை திரும்பி வெளியே வராது என்று தெரிந்தது. ஆகவே அலமாரி உள்ளேயே போகவில்லை. இத்தனை வருடமாக நடையில்தான் நிற்கிறது. வீட்டில் யார் சட்டை மாற்ற வேண்டுமென்றாலும் நடைக்குப் போய் எடுத்து வரவேண்டும். மனைவி முதல் வருடம் சண்டை போட்டாள், இரண்டாம் வருடம் நடைக்கு ஒரு திரை தைத்து மாட்டினாள்.

அவள் தையல்காரி. வாசலறைதான் கடை. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம், ஒருவருடையதையும் இன்னொருவரிடம் சொன்னதில்லை. கணவருக்கும் மனைவிக்கும் ஒரே ஒற்றுமை, இருவரும் அளக்காமல் வெட்டமாட்டார்கள் என்பது. மற்றபடி அவள் பேசுவாள், அவர் தலையாட்டுவார். குடும்பம் ஒழுங்காக ஓடிற்று.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்ததுதான் அவள் அப்பாவின் நிலம். ஊரைத் தாண்டி, தார்ச்சாலையை ஒட்டி இருந்தது. அப்பா வெங்காயம் போட்டுவந்தார். அவர் போன பிறகு வெங்காயமும் போயிற்று. நிலம் அவளுக்கும் அவள் தம்பிக்கும் பொது. தம்பி எந்தத் தொழிலிலும் ஒரு வருடம் தங்கியதில்லை, ஆனால் எல்லாத் தொழிலைப் பற்றியும் பேசுவான். ஒரு நாள் வந்து வெட்டுமேஜை மேலேயே உட்கார்ந்தான்.

"மாமா, உங்க முதலாளி நம்ம நிலத்த குத்தகைக்குக் கேக்கிறாராம். கீழ சரளை கொட்டிக் கெடக்குதாம். நீங்க ஒரு வார்த்த கூட சொல்லலியே."

"எங்கிட்ட யாரும் கேக்கல" என்றார் மூடுவிழா.

"அப்பா நெலத்துல எவனும் கை வைக்கக் கூடாது" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடியே.

அந்தப் பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். தம்பி முடியவிடவில்லை. வாரம் ஒருமுறை வந்தான். சும்மா கிடக்கிற நிலம் சும்மா கிடக்கிற பிள்ளை மாதிரி, யாருக்கும் பிரயோசனமில்லை என்றான். இதைச் சொல்ல அவனைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு நாள் மூடுவிழாவே வாயைத் திறந்தார்.

"திட்டம் நான் போடுறேன். நெலத்த நெலமாவே உன் கையில திருப்பித் தர்றேன்."

மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். "வெங்காயம் வருமா?"

"வரும்."

"சத்தியமா?"

"சத்தியம் எதுக்கு. படம் காட்டுறேன்."

கடைசி நாள் படத்தை முதலில் வரைந்து அவளிடம் காட்டினார். ரவிக்கைக்கு வெட்டுத்தாள் பார்ப்பதுபோல் அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சரி என்றாள். எத்தனையோ பேருக்கு அவர் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தவர்தான். ஆனால் அவர்கள் யாரும் மறுநாள் காலையில் அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கப் போவதில்லை. இந்தமுறை அவருக்குப் பயமாக இருந்தது.

திட்டம் சுலபமானதுதான். நிலம் நான்கு பாகம். முதல் பாகத்தின் மேல்மண்ணை வழித்து ஒரு மூலையில் குவித்துவிட வேண்டும். அந்தக் கறுத்த மண்தான் நிலத்தின் உயிர், அது போனால் பிறகு எதைக் கொட்டி மூடினாலும் எருக்கஞ்செடிதான் வரும். முதல் பாகத்தில் சரளை எடுத்து முடிந்ததும், இரண்டாம் பாகத்தின் மேல்மண்ணை வழித்து நேரே முதல் பாகத்தில் பரப்பலாம். மூன்றாம் பாகத்து மண் இரண்டாவதற்கு, நான்காவதன் மண் மூன்றாவதற்கு. நான்காம் பாகத்தை மூட மட்டும் மண் இருக்காது. அதற்குத்தான் முதலில் குவித்து வைத்த குவியல். ஆகவே குவியல் கடைசிவரை அசையாமல் இருக்க வேண்டும். அடியில் சரளை இல்லாத இடமாகவும் பார்த்துப் போட வேண்டும். சரளைக்குழித் தொழிலில் பால பாடம் இது.

எங்கே சரளை இருக்கிறது, எங்கே வெறும் களிமண் என்று பார்க்க, நிலம் முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சோதனைக் குழி தோண்டினார்கள். அன்றைக்கு மனைவியும் வந்திருந்தாள். சாலையோர மூலையில், அவள் அப்பா சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், துண்டை விரித்து உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மண்வாரி இயந்திரம் ஒவ்வொரு கட்டமாக முடித்துக்கொண்டு அந்த மூலைக்கு வந்தபோது, அவள் எழுந்திருக்கவில்லை.

"இங்க வேண்டாமே. சாப்பிட்டுட்டு இருக்கேன்ல."

"சரி, அப்புறம் தோண்டிக்கலாம்" என்றார் அவர்.

"அந்த மண்ணக் குவிக்கணும்னு சொன்னீங்களே, எங்க குவிப்பீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல."

"இந்த மூலையிலயே போட்டா என்ன? ரோட்டுப் பக்கமா இருக்கு. லாரிக்கு எடஞ்சல் இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டதுமல்லாமல், உருப்படியான யோசனையும் சொல்கிறாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முகத்தில் எதுவும் தெரியவில்லை, அது வேறு விஷயம். மண்வாரியைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கட்டத்துக்கு மட்டும் அக்கம்பக்கத்துக் குழிகளைப் பார்த்து, இங்கேயும் இப்படித்தான் இருக்கும் என்று அனுமானமாகக் 'களிமண்' என்று எழுதினார். மூலையில் புல்கூட மெலிந்துதான் கிடந்தது. அதைப் பார்த்தே அடியில் களிமண் இல்லை என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டிய மனிதர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவர் ஆழம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்து, அந்த ஒரு இடத்தில் பார்க்காமல் விட்டார்.

குவியல் எழும்பியது. ஆள் உயரத்துக்கு மேல் போகவிடவில்லை, போனால் அடியில் இருக்கும் மண் மூச்சுமுட்டிச் செத்துவிடும். மேலே புல் விதை தூவினார். மழை பெய்கிறபோது அதன்மேல் யாரையும் ஏறவிடவில்லை. குழியைப் பார்க்கப் போகிற நாளெல்லாம் முதலில் குவியலைப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி சுற்றிவந்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

முதல் பாகம் முடிந்து மூடியாயிற்று. இரண்டாவது, மூன்றாவது. சொன்னது சொன்னபடி நடந்தது. நான்காம் பாகத்தை வெட்டிக்கொண்டே குவியலுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் மண்வாரி ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"சார், இத வந்து பாருங்க."

வெட்டிய சுவரில், குவியலுக்கு நேர் கீழே, சரளை தெரிந்தது. அதுவரை அந்த நிலத்தில் வந்ததெல்லாம் அழுக்குச் சரளை, சலிக்க வேண்டும், கழுவ வேண்டும். இது யாரோ ஏற்கெனவே சலித்துக் கழுவி அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. மூடுவிழா அதன்மேல் கையை வைத்தார். கையில் மண் ஒட்டவில்லை.

"யானைக்கும் அடி சறுக்கும் சார்" என்றார் ஓட்டுநர்.

"யான இப்படிச் சறுக்காது" என்றார் அவர்.

இந்தத் தொழிலில் இதைவிட அவமானம் கிடையாது. கரை சரிந்தால் மழையைச் சொல்லலாம். லாரி கவிழ்ந்தால் டிரைவரைச் சொல்லலாம். நல்ல சரளையின் தலையில் மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிவைத்தால் சொல்வதற்கு ஆளே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனையாவது புத்திசாலி என்று சொல்வார்கள். தெரியாமலே மறைத்தவனை என்ன சொல்வது?

முதலாளி வந்தார். சுவரைப் பார்த்தார். மேலே குவியலைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"இந்த நெலத்துலயே நல்ல சரளை எங்கய்யா இருக்கு?"

"இங்கதான் முதலாளி."

"அது மேல என்ன இருக்கு?"

"மண்ணு."

"யாரு போட்டது?"

"நான் போட்டது."

"சரியா இருக்கு" என்றார் முதலாளி. காருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "குவியல ஓரமா நகத்து. மூலையத் தோண்டி எடுத்துட்டு, மண்ண நாலாம் பாகத்துல பரப்பு. மூலைய என்ன பண்றதுன்னு நீயே பாத்துக்க. உன் தப்பு, நீயே சரி பண்ணு."

திட்டத்தில் ஒரு கோடு மாறினாலும் நிலத்துக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி சாலையில் வைத்தே, கார் பானட்டின் மேல் தாளை வைத்து, முதலாளியின் பேனாவிலேயே போட்டுக் கொடுத்தான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இன்னொண்ணு உன் வீட்டம்மாதானே" என்றார் முதலாளி. "அது பத்து நிமிஷ வேல."

மூடுவிழா புதுப் படம் வரைந்தார். மூலையில் வயலுக்குப் பதில் ஒரு குட்டை வரும். பார்க்க நன்றாகவே இருந்தது. வெங்காயத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர். வீட்டுக்கு எடுத்துப் போய் வெட்டுமேஜையில் விரித்தார்.

"என்னது இது?"

"திட்டத்துல ஒரு சின்னத் திருத்தம். கையெழுத்து வேணும்."

"யாரு தப்பு?"

"திருத்தம்னுதானே சொன்னேன்."

"தப்பில்லாம திருத்தம் எதுக்கு?"

நடந்ததைச் சொன்னார். குட்டையைக் காட்டினார். ஓரத்தில் இரண்டு மரம்கூடப் போட்டிருந்தார், அதையும் காட்டினார். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைங்க. பாக்கிறேன்" என்றாள்.

பத்து நிமிடம் ஒரு வாரமாயிற்று. தாள் கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தது. பிறகு யாருடைய பாவாடைத் துணிக்கோ அடியில் கிடந்தது. முதலாளி தினமும் காலையில் அவர் மேஜைக்கு வந்து எதுவும் கேட்காமல் நின்றுவிட்டுப் போனார். தம்பி வந்து, "அக்கா, ஒரு கிறுக்கல்தானே" என்றான். "நீதான் கிறுக்கிட்டேல்ல, கெளம்பு" என்றாள் அக்கா.

மூடுவிழாவுக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. முதலாளிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே வேண்டியிருந்தது. மூலையைத் தோண்டி எடுத்துவிட்டால், சரளைமேல் மண்ணைக் கொட்டினவன் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. குட்டையும் மரமும்தான் தெரியும். படத்தில் அந்த இரண்டு மரத்தை எதற்குப் போட்டோம் என்று அவருக்கே தெரியும். அதை நினைத்து வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே கையெழுத்துக்குக் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் போயிற்று. மிஷின் நின்றது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த மூலையில சரளை இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க எவ்வளவு தண்ணி விட்டாலும் நிக்காது. அப்பா ரெண்டு தடவ வெங்காயம் நட்டுப் பாத்தாரு, அப்படியே காஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் அங்க சைக்கிள நிறுத்த ஆரம்பிச்சாரு."

"தெரிஞ்சுதான் அன்னைக்கு அங்க ஒக்காந்தியா?"

"ஆமா."

"குவியல அங்க போடச் சொன்னது?"

"அதுவும்தான். குவியல் போட்ட எடத்த யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. ஒரு மூலையாவது அப்பா விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவருக்குக் கோபம் வந்தது. அபூர்வமாக வருவதால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் தாளில் ஏறிய ஒரே பொய், இவள் உட்கார்ந்து சாப்பிட்டு ஏற்றியது. தன் வேலையில் அவளுக்கு அக்கறை வந்துவிட்டது என்று அன்றைக்கு உச்சி குளிர்ந்தாரே, அதை நினைக்க இன்னும் எரிந்தது.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

விட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் ஒரு சோதனைக் குழி தோண்டியிருப்பார். சரளையை எடுத்து அவள் கையில் வைத்துக் காட்டியிருப்பார். படம் வரைந்து, குட்டை போட்டு, மரம் போட்டு, பொறுமையாக விளக்கியிருப்பார். அவளும் சரி என்றிருப்பாள். அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"இப்பக் கேக்கிறேன்" என்றாள் அவள். "அந்த மூலைய விட்டுருங்க."

அவர் வெட்டுமேஜையில் கிடந்த தாளை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, மடித்தார்.

"வேல போயிருமா?" என்று கேட்டாள்.

"வேல போகாது. மேஜ போகும்."

மறுநாள் முதலாளி கையை நீட்டினார். மூடுவிழா தாளைக் கொடுத்தார்.

"கையெழுத்து எங்க?"

"போடல."

"ஏன்?"

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரளைய மண்ணுக்கு அடியில வச்சதும் நீ. எடுக்க வேண்டாம்னு சொல்றதும் நீ."

"ஆமா முதலாளி."

"சம்பளமும் வாங்குற."

"ஆமா."

மத்தியானத்துக்குள் அவர் மேஜை குளிர்சாதன அறையிலிருந்து லாரி எடைமேடைக் கொட்டகைக்குப் போய்விட்டது. லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் மேஜை ஆடும், கோடு வளையும். அவர் லாரி போகிறவரைக்கும் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வரையப் பழகிக்கொண்டார். மற்ற குழிகளிலிருந்து வருகிற ஓட்டுநர்கள், "சார், இன்னைக்கு எது மேல எதக் கொட்டணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். தம்பி ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டில் இருவரும் மூலையைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் அவர் சட்டைப்பையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்தாள், கொட்டகையில் இழுப்பறை கிடையாது என்று யாரோ சொன்னார்களாம்.

நான்காம் பாகமும் முடிந்தது. ஈரம் நன்றாக வற்றட்டும் என்று காத்திருந்து, குவியலைப் பிரித்துப் பரப்பினார்கள். ஓட்டுநர் அடிமண்ணோடு கலக்காமல், குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி பரப்பினார். அடுத்த நாள் நிலத்தை ஒப்படைக்க வேண்டும். முதலாளி வரவில்லை, ஆள் அனுப்பினார். அந்த ஆள் இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். தம்பியும் அவன் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு போனான்.

மனைவி சரிவில் இறங்கி வயலுக்குள் போனாள். குனிந்து மண்ணை அள்ளினாள், பிசைந்தாள், முகர்ந்து பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"வரும்" என்றாள்.

அவருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது. இனி யார் என்ன சொன்னாலும் கவலையில்லை என்று தோன்றியது. அடுத்து சரிவு நனைந்தால் வழுக்குமா என்று பார்க்கத் திரும்பினார். அதற்குள் அவள் மூலைக்கு ஏறியிருந்தாள்.

சரளை போன நிலம் பழைய உயரத்துக்கு வராது. எத்தனை மண்ணைத் திருப்பிப் போட்டாலும் பள்ளம் பள்ளம்தான். வயல் முழுக்கக் கீழே கிடந்தது. அந்த மூலை மட்டும், ஒரு வீட்டு மனை அளவுக்கு, சாலை மட்டத்தில் நின்றது.

"மேல வாங்க" என்று கூப்பிட்டாள்.

"எதுக்கு?"

"வாங்களேன்."

மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பக்கத்தில் நின்றார். அவள் கையை நேராக நீட்டி, தங்கள் கால் மட்டத்துக்கு, வயலுக்கு மேலே இருந்த வெற்று வெளியைக் காட்டினாள்.

"அப்பா இந்த ஒயரத்துலதான் நடந்தாரு. கீழ இருக்கிறது அவரு மண்ணுதான், கொற சொல்லல. ஆனா அவரு நடந்த எடமெல்லாம் இப்ப வெறும் காத்துங்க."

அவர் பார்த்தார். ஆயுள் முழுக்க நிலத்தைத் திருப்பிக் கொடுத்தவர், கொடுக்காமல் விட்டது எது என்று முதல்முறையாகப் பார்த்தார். அது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இருந்தது. வெங்காய வரப்புகளெல்லாம் அங்கேதான் எங்கோ இருந்திருக்கும். ஒரு காக்கை அதற்குள் புகுந்து பறந்து போயிற்று. அவருக்கு அழுகை வந்தது. மறைக்கத் தெரியாததால் அப்படியே நின்று அழுதார்.

"இத நான் உனக்குத் திருப்பித் தரலியே" என்றார்.

"தந்தீங்களே" என்று அவள் காலடியைக் காட்டினாள். "இவ்வளவுதானே கேட்டேன்."